வனாந்தரத்தில் ஒரு கூடாரம்



சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் ‘வனாந்தரம்’ என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் எழுந்தது அடர்ந்த காடுதான். மூங்கிலும் பலாவும் நெருங்கி நிற்க, அவற்றினூடே இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் வழி தேடி அலைந்தார்கள் என்றே எண்ணியிருந்தேன். அவர்கள் தண்ணீருக்காக முறுமுறுத்தது மட்டும் விளங்கவில்லை. காட்டில் ஓடைக்கா பஞ்சம்? வேதாகமக் கல்லூரிக்குச் சென்ற பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. எபிரெயத்தில் ‘மித்பார்’ எனப்படுவது மணற்காடும் அன்று, மரக்காடும் அன்று; உழவு படாத, ஊர் அமையாத, மந்தைகளை ஓட்டிச் செல்லும் வெளி அது. அதற்கு ‘வனாந்தரம்’ என்று பெயரிட்ட பழைய மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். பாலைவனத்தைக் கண்டிராத நமக்கு, ஆள் இல்லாத இடம் என்றால் காடும் மலையுமே. அந்தச் சொல்லில் நம் நிலத்தின் அச்சம் குடியிருக்கிறது.

சேலத்திலிருந்து நாமக்கல் வரை விரியும் இந்தச் சமவெளியில் எங்கு நின்றாலும் அந்த வனாந்தரம் கண்ணுக்குத் தெரிகிறது. கிழக்கே நீலச் சுவர்போல் நிற்கும் கொல்லிமலை, ஏறக்குறைய ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரமுள்ளது. வல்வில் ஓரியின் மலை என்று சங்கப் புலவர் பாடியது இதுவே. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. செம்மேட்டருகே கூடாரத்தை வாடகைக்கு எடுத்து ஓரிரவு தங்கி, விடியற்காலைப் பனியைப் படம் பிடித்துத் திரும்பும் இளைஞர்களும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இராத் தங்கத் தயங்கினர். ‘கொல்லி’ என்னும் பெயருக்கே ‘கொல்வது’ என்று பொருள் சொல்லப்பட்டது. அந்த மலையில் கூடாரமடித்து வாழ்ந்த ஒரு கணவன் மனைவியைப்பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

அதற்குமுன் கூடாரத்தைப் பற்றிச் சில சொற்கள். இந்தச் சமவெளிக்கு நற்செய்தி ஒரு வீட்டின் வழியாக வரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, 1623இல் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்தையும், பின்பு சேலத்தையும் அடைந்தார். சேலத்தில் அவருக்கு வீடு கொடுப்பார் இல்லை, வழிப்போக்கர் தங்கும் திறந்த சத்திரத்திலே காற்றுக்கும் குளிருக்கும் நடுவே படுத்திருந்தார், நோயும் கண்டது. நாம் வேறொரு சபைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் சேலத்துக் கிறிஸ்தவன் எவனும் அந்தச் சத்திரத்தை மறப்பது சரியன்று.

வேறு வகைக் கூடாரமும் இங்கே வந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் ஊர் ஊராய்க் கூடாரத்தில் தங்கி நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை அந்தக் கூடாரங்களில்தான் பிறந்தது. மன்றோ நல்லவர் என்று பேரெடுத்தவர், அதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு குடியானவன் தன் வயலோரத்தில் வெள்ளைக் கித்தானைக் கண்டால், அவன் நினைவுக்கு முதலில் வருவது சங்கிலியும் கணக்குப் புத்தகமுமாகவே இருந்திருக்கும். பிற்காலத்தில் மலையில் கூடாரமடித்த மிஷனெரிகளும் அந்த நிழலைச் சுமந்துகொண்டே ஏறினார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

நொபிலி சேந்தமங்கலத்தைக் கடந்து 290 ஆண்டுகளுக்குப் பின், 1913 ஆகஸ்டில், அதே சேந்தமங்கலத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் ஜெசி பிராண்டு, வயது 28. இங்கிலாந்தின் கில்ட்போர்டு ஊரைச் சேர்ந்தவர். 1907இல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வழியாக இந்தியா வந்தவர். மணமகள் ஈவ்லின் ஹாரிஸ், வயது 34. இலண்டனில் செல்வச் செழிப்புள்ள வணிகர் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். மணநாளன்றே இருவரும் மலையேறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண் நனைந்த ஆடையோடு தம் புது வீட்டை அடைந்தார். அந்த ஊரின் பெயர் வாழவந்தி. அந்தப் பெயரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மலை அதை முன்னமே வைத்திருந்தது.

அங்கே அவர்களுக்கென இருந்த வீடே ஒருவகைக் கூடாரம். சமவெளியில் மரச்சட்டங்களாக அறுத்துத் தயாரித்து, ஆட்களின் தலைச்சுமையாய் மேலே கொண்டுபோய்ப் பூட்டியது. கறையான் ஏறாதபடி வீட்டைத் தூண்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் உலோகத் தட்டைக் கவிழ்த்துவைத்தார் ஜெசி. குப்புறக் கவிழ்த்த வாணலிபோல் இருக்கும் அந்தத் தட்டின் விளிம்பைக் கறையானால் தாண்ட முடியாது. இந்த ஒரு விவரத்தில் அந்த மனிதரின் இயல்பு முழுவதும் தெரிகிறது என்பேன். கறையானை அவர் சபிக்கவில்லை. அதன் வழியைப் படித்தார்.

வீடு ஓர் ஊரில். மக்களோ மலை முழுவதும். கொல்லிமலை ஒரே மேட்டுச் சமவெளியன்று. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து, பள்ளங்களுக்கும் ஓடைகளுக்கும் அப்பால் பத்து இருபது குடிசைகளாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் அதில் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தனர். ஓரூருக்குப் போய் அன்றே திரும்புவது பல இடங்களில் இயலாத காரியம். ஆகவே கூடாரம் வேண்டியிருந்தது.

‘கேம்ப்’ என்றால் இன்று நமக்கு விடுமுறை நினைவுக்கு வருகிறது. அக்காலத்து முகாம் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். இன்றைய நைலான் கூடாரம் தோள்பையில் அடங்கும். அன்றைய கூடாரம் கனத்த பருத்திக் கித்தான். மழையில் நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும். அதனோடு மூங்கில் கழிகள், முளைகள், கயிறு, மடிப்புக் கட்டில், கொசுவலை, அரிக்கேன் விளக்கு, அரிசி மூட்டை, மருந்துப் பெட்டி. இடம் தேர்வதிலும் கணக்குண்டு. ஓடைக்கு அருகே இருந்தால் தண்ணீர் எளிது, கொசுவும் எளிது. மேட்டில் அடித்தால் காற்று முளையைப் பிடுங்கும். மரத்தடியில் அடித்தால் மழை நின்ற பின்னும் இரவெல்லாம் சொட்டும். கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழம் வாய்க்கால் வெட்டாதவன் நள்ளிரவில் நீரில் படுத்திருப்பான். குடிநீரைக் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். அதற்கு விறகு உலர்ந்திருக்க வேண்டும். மலையில் விறகு உலர்வது எப்போது?

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிஷனெரி வரலாறுகளைப் படிக்கையில், கூடாரமடித்தார், மலையேறினார் என்று ஒருமையிலேயே எழுதியிருக்கும். அந்தக் கித்தானைத் தலையில் சுமந்து ஏறியவர் யார்? முளை அடித்தவர், நீர் மொண்டவர் யார்? அவர்களும் அதே கொசுவிடம் கடிபட்டவர்களே. பெரும்பாலோரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜெசியும் ஈவ்லினும் பட்ட பாட்டை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாடு தனியாகப் பட்டதன்று.

பிறகு ஏன் கூடாரம்? வாழவந்தியிலேயே ஒரு பங்களாவைக் கட்டி, வருகிறவர் வரட்டும் என்று இருந்திருக்கலாமே. எனக்குத் தோன்றுவது இது: பங்களாவில் இருப்பவன் வீட்டுக்காரன், கூடாரத்தில் இருப்பவன் விருந்தாளி. தண்ணீர் எங்கே என்று அவன் கேட்க வேண்டும். இங்கே முளை அடிக்கலாமா என்று கேட்க வேண்டும். கித்தான் வாசலுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே அவன் இருமுவதும் ஜெபிப்பதும் வெளியே கேட்கும். பிள்ளைகள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். புண்ணோடு ஒருவர் வந்து, ஒன்றும் கேட்காமல், சற்று எட்டி உட்கார்ந்திருப்பார். முறையான மருத்துவப் பட்டம் ஜெசிக்கு இல்லை. ஊழியத்துக்குத் தேவையான அளவு கற்றிருந்தார். அதைக்கொண்டு பல்லைப் பிடுங்கினார், சீழ்கட்டியைக் கீறினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்.

அந்த நாட்களில் மலையை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகளில் நோயாளியின் கால் நனையும்போது புழு நீரில் குஞ்சுகளை விடும். நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதை விழுங்கும். அந்த நீரைக் குடிப்பவர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, இரண்டு மூன்றடி நீளப் புழுவாகக் காலைத் துளைத்து வெளிவரும். இழுத்தால் அறுந்து புண் புரையோடும். ஒரு குச்சியில் நாளுக்குச் சிறிதாகச் சுற்றிச் சுற்றி எடுப்பதே வழி. ஜெசி அப்படி எடுத்தார். அத்தோடு நில்லாமல், கால் படாதபடி சுற்றுச்சுவர் எழுப்பிய கிணறுகளையும் அமைத்தார். எண்ணாகமத்தில் வனாந்தரத்தில் ஜனங்களைக் கடித்த கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் இந்தப் புழுவே என்று சொல்லும் ஆராய்ச்சியாளர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஆனாலும் கோலில் சுற்றிய அந்தப் புழுவைக் கண்டவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. இந்தியாவில் நரம்புச் சிலந்தி ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000ஆம் ஆண்டில்.

இத்தனைக்கும் ஆண்டுகள் பல கடந்தும் மலையில் ஞானஸ்நானம் பெற வருவார் இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டனர், செய்தியை வாங்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி வெளிப்படையாகவே எதிர்த்தார். தம் மக்களின் தெய்வத்தைக் காப்பது அவர் கடமை என்று அவர் கருதியதை இன்று நாம் புரிந்துகொள்ளலாம். முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் இந்தியாவெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற விஷக் காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். தொற்றுக்கு அஞ்சி ஊரார் அந்தக் குடிசையை அண்டவில்லை. ஜெசியும் ஈவ்லினும் சென்றார்கள். சாகுந்தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர். எதிர்த்தவனுடைய வாசலுக்கு யார் போனார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மலையில் சபை தோன்றியது அதன் பிறகே.

இந்தக் கதையை நான் முதன்முதலில் கேட்டபோது ஊழியத்திற்குப் புதியவன். ஒரு மலைப்பகுதிக்கு ஒரு வார காலம் சென்று தங்கிவரும்படி என்னைப் பணித்திருந்தனர். மூன்றாம் நாள் இறங்கிவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் உண்மைதான், ஆனால் இறங்கவேண்டிய அளவுக்கில்லை. மழை, அட்டை, இருட்டு, பேச்சுத்துணையின்மை, எல்லாமாகச் சேர்ந்து என்னைக் கீழே தள்ளின. நான் புறப்படும்போது ஒரு மூதாட்டி வாழையிலையில் கேழ்வரகுக் களியைப் பொதிந்து கையில் கொடுத்தார். ஏன் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

பிராண்டு தம்பதியர் இறங்காததற்கு விலை கொடுத்தார்கள். அவர்களுக்குப் பால், கானி என இரண்டு பிள்ளைகள். 1923இல் படிப்புக்காக அவர்களை இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் திரும்பினர். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. இந்த முடிவை நான் புகழமாட்டேன். அக்கால மிஷனெரிகள் அநேகர் செய்ததுதான். செய்த ஒவ்வொருவரும் உள்ளே அறுபட்டார்கள். கடிதங்கள் மட்டும் தவறாமல் கப்பலேறின. தகப்பன் மலையின் மரங்களையும் பூச்சிகளையும்பற்றி மகனுக்கு எழுதினார்.

1929 ஜூனில் ஜெசிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சல். இரத்த அணுக்கள் கூட்டமாய் உடைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதற்கு அன்று மருந்தும் இல்லை, மலைமேல் மருத்துவரும் இல்லை. ஜூன் 15ஆம் நாள் அவர் காலமானார், வயது 44. மறு ஆண்டு விடுப்பில் பிள்ளைகளைப் பார்க்கவிருந்தார். இலண்டனில் பதினைந்தாம் வயதை எட்டவிருந்த பாலுக்குத் தந்தி வந்து சேர்ந்தது. அதன்பின்னும் சில வாரங்கள், கப்பலில் வந்துகொண்டிருந்த தகப்பனின் கடிதங்கள் ஒவ்வொன்றாய் வந்தன.

ஜெசியும் ஈவ்லினும் கொல்லிமலையோடு நிற்க எண்ணியவர்கள் அல்லர். பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை எனச் சமவெளியைச் சூழ்ந்த ஐந்து மலைத்தொடர்களுக்கும் போகவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். கணவர் போனபோது எட்டியிருந்தது ஒன்று. சில காலம் இங்கிலாந்தில் தங்கித் திரும்பிய ஈவ்லினை மிஷன் சமவெளிப் பணியில் வைத்தது. தனி விதவையை மலைக்கு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அதில் அன்பும் இருந்தது என்றே நினைக்கிறேன். அவரோ விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலையேறினார். மற்றவர் ஓய்வுக்குப் போகும் நாட்களில் அவர் முளையடித்துக்கொண்டிருந்தார்.

1947இல் அவருக்கு 68 வயது. இனி நீட்டிக்க இயலாது என்று மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வைப் பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொண்டு நேரே மலைக்குப் போனார். இனித் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லையே! எனக்கு இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வருகிறது. அதன்பின் 27 ஆண்டுகள். ‘பிராண்டு பாட்டி’ ஒரு மட்டக் குதிரையில் ஊர் ஊராய்ப் போனார். நரம்புச் சிலந்தியோடு போரிட்டார். கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். தாமும் கணவரும் எண்ணியிருந்த மற்ற மலைகளுக்கும் போனார். மகன் பால் பிராண்டு 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்காக உலகப் புகழ் பெற்றுவந்தார். அவருக்குத் தாயின் எலும்புகள் பெருங்கவலை. 75ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, இரவு முழுதும் தரையிலேயே கிடந்தார் பாட்டி. காலையில்தான் ஒரு வேலையாள் கண்டார். நால்வர் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மலைப்பாதையில் இறக்கினர். பின்பு வேலூருக்கு ஜீப்பில், குண்டும் குழியுமான சாலையில் நீண்ட பயணம். தேறியதும் மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பாட்டி இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டார்.

மகன் எழுதியுள்ள இன்னொரு செய்தி: வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. இளமையில் வண்ணமும் வடிவமும் தேடிக் கற்றவர் அவர். முகத்தைத்தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் போலும்.

93ஆம் வயதில் குதிரையை விட்டார். அடிக்கடி விழுந்ததால் விட்டாரேயன்றி, ஊர்களுக்குப் போவதை விடவில்லை. மலைவாசிகள் அவரைத் தூளியில் இட்டுத் தோளில் சுமந்து ஊருக்கு ஊர் கொண்டுபோனார்கள். ஒரு காலத்தில் கித்தானைத் தலையில் சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சுமைகாரர்களுள் இருந்திருக்கக்கூடும். கூலிக்குத் தூக்கியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தோள்கள் அறிந்திருக்கும்.

1974 டிசம்பர் 18ஆம் நாள், தம் 95ஆம் வயதில் அவர் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் செய்தனர். பெட்டி இல்லை. சவப்பெட்டிக்கென்று நல்ல மரத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. முன்னமே சொல்லி வைத்திருந்தார். பலகாலம் புழங்கிய ஒரு பழைய படுக்கைத் துணியில் சுற்றி, மண்ணில் வைத்தார்கள்.